கொடைக்கானல் காற்றை பைன் ஊசியில் படிப்பது எப்படி?

தூண் பாறைக்குப் போகும் வழியில் உள்ள பைன் காட்டில் படம் எடுக்காமல் கொடைக்கானலை விட்டு யாரும் இறங்குவதில்லை. 1906-இல் பிரையண்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி வெட்டுமரத்துக்காக நடத் தொடங்கிய தோட்டம் அது. சோலைக்கும் புல்வெளிக்கும் உரிய மலையில் பைன் ஒரு வந்தேறி மரம். புல்வெளிக்குள் விதை பரப்பிக்கொண்டே போகும் அதை நான் கொண்டாடுவதில்லை. ஆனால் ஒரு வேலைக்கு அதைவிடப் பொருத்தமான மரம் இந்த ஊரில் இல்லை. நாம் சுவாசித்த காற்றில் என்ன இருந்தது என்பதை அது தன் ஊசியில் மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறது.

நான் மேல்நிலை மாணவர்களுக்குத் தாவரவியல் கற்பிப்பவள். வகுப்பில் இலைத்துளை (இலை காற்றை உள்ளே வாங்கி வெளியே விடும் நுண்துளை) பற்றிப் பாடம் வரும்போது படம் வரைந்து பாகம் குறிப்பதோடு நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை. ஏழு ரோடு சந்திப்பு, ஏரிச்சாலை, வாகனங்கள் நிற்கும் பைன் காட்டோரம், மன்னவனூர் பக்கம் சாலையை விட்டு உள்ளே தள்ளி நிற்கும் மரங்கள் என்று இடம் இடமாக ஊசிகளைச் சேகரித்து, கழுவி, எடை போட்டு, லென்ஸ் வைத்துப் பார்க்கிறோம். பள்ளியில் இருக்கும் பொருள்களே இதற்குப் போதும். மலையில் இருப்பவர் எவரும் செய்யலாம். சமவெளியில் இருப்பவர்களுக்குச் சவுக்கு இருக்கிறது, அதைப் பற்றியும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், ஏன் ஊசி என்பது. பைன் ஊசி மெல்லியது. காற்று அதைச் சுற்றி வளைந்து போகும்போது, கூடவே வரும் துகள்களால் அதே வேகத்தில் வளைய முடியாமல் ஊசியில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. அகன்ற இலையைவிட ஊசியிலை நுண்துகளை நன்றாகப் பிடிப்பது இதனால்தான். அதன் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. அந்த மெழுகு, புகையில் உள்ள கொழுப்பில் கரையும் வேதிப்பொருள்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஊசி ஓராண்டில் உதிர்ந்துவிடுவதும் இல்லை. நம் மலையில் அதிகம் காணப்படும், ஊசிகள் நீளமாகத் தொங்கும் பைன் வகையில் ஓர் ஊசி இரண்டிலிருந்து நான்கு ஆண்டுகள் வரை மரத்தில் நிற்கும். ஜெர்மனி இதை நம்பி 1980-களிலிருந்து ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் குருத்துகளையும் பைன் குருத்துகளையும்த் திரவ நைட்ரஜன் குளிரில் சேமித்து வருகிறது. பின்னாளில் ஏதாவது புதிய மாசு பற்றிச் சந்தேகம் எழுந்தால், பழைய குருத்தை எடுத்துச் சோதிக்கலாம்.

கொடைக்கானல்காரர்களுக்கு இதில் இன்னொரு நெருக்கமும் உண்டு. 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் காற்றில் எவ்வளவு பரவியது என்பதை ஹைதராபாத் ஆய்வாளர்கள் இங்குள்ள மரங்களில் படர்ந்த லைக்கன்களையும் (பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் உயிரிகள்) பாசிகளையும் வைத்தே காட்டினார்கள். 2003-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. கண்ணுக்குத் தெரியாமல் போன நஞ்சுக்குச் செடிகொடிகள் சாட்சி சொன்ன ஊர் இது.

எதிர்பார்க்கக் கூடாதது எது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 2009-இல் வகுத்த தரநிலைப்படி, 2.5 மைக்ரானுக்குக் குறைந்த நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அந்த 40-ஐ ஊசியால் அளக்க முடியாது. 'இந்த இடம் அந்த இடத்தைவிட மோசம்', 'சீசனுக்கு முன்பைவிடப் பின்பு மோசம்' என்ற ஒப்பீடு மட்டுமே ஊசி தரும் விடை. ஆகவே ஒப்பிட ஒரு சுத்தமான மரம் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. அந்த ஒப்பீட்டு மரம் அதே இனமாக, ஏறக்குறைய அதே உயரமாக, சாலையிலிருந்தும் வீட்டு அடுப்புப் புகையிலிருந்தும் குப்பை எரிக்கும் இடத்திலிருந்தும் நன்றாக விலகி நிற்க வேண்டும். முடிந்தால் அதே மலைச்சரிவில் இருக்கட்டும். மாணவர்கள் எப்போதும் சாலையோர மரத்தைத் தேர்ந்தெடுக்கவே ஆசைப்படுவார்கள், கறுப்பு அங்கேதானே இருக்கிறது. நான் ஒப்பீட்டு மரத்தைக் காட்டிய பிறகுதான் கத்தரிக்கோலைக் கையில் கொடுப்பேன்.

அடுத்தது வயது. இந்த விஷயத்தில் குளிர்நாட்டு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் தவறாகிவிடும். ஐரோப்பாவில் ஸ்காட்ஸ் பைன் ஆண்டுக்கு ஒரு கணு விடும். நுனியிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் ஊசியின் வயது தெரிந்துவிடும். நம் மலையிலோ பைன் ஒரே ஆண்டில் பல முறை துளிர்க்கிறது. கணுவை எண்ணி வயது சொல்வது வெறும் ஊகம். அதற்குப் பதில் ஒரு துண்டுக் கம்பளி நூல் போதும். ஜனவரித் தொடக்கத்தில், தேர்ந்தெடுத்த கிளையின் நுனிக்குச் சற்றுக் கீழே சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். அதற்கு மேலே வளரும் ஊசிகள் எல்லாம் ஜனவரிக்குப் பிறகு பிறந்தவை. ஜூனில் வேறு நிற நூல். இரண்டு நூல்களுக்கும் நடுவே உள்ள ஊசிகள் அந்த அரையாண்டுக்கு உரியவை. இனி 'இந்த ஊசி எத்தனை நாளாகக் காற்றில் நிற்கிறது' என்ற கேள்விக்கு உறுதியான விடை இருக்கும். ஒரே வயது ஊசிகளை ஒப்பிட்டால்தான் அழுக்கின் வேறுபாடு காற்றின் வேறுபாடாகும்.

பறிப்பதற்கு ஏற்ற காலம் மழையில்லாக் காலம். கொடைக்கானலில் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்டிருக்கும், ஏப்ரலில் கோடை மழை எட்டிப் பார்க்கும், அக்டோபர், நவம்பரில் கொட்டும். பெருமழை ஊசியின் மேலுள்ள பெரிய தூசித் துகள்களைக் கழுவிவிடும். அதனால் கடைசியாக மழை பெய்த தேதியைக் குறித்துக்கொண்டு, குறைந்தது இரண்டு வாரம் கழித்துப் பறியுங்கள். மார்ச் இறுதியில் ஒரு முறை, மே சீசன் முடிந்த பிறகு மழை விட்ட இடைவெளியில் ஒரு முறை என்று எடுத்தால் வாகன நெரிசலின் தாக்கத்தைத் தனியே பார்க்கலாம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து இங்கே இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. வாகனக் கட்டுப்பாட்டால் உண்மையில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஆண்டுக்காண்டு ஒரே மரத்திலிருந்து எடுத்த ஊசிகளைவிட நல்ல விடை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி ஒரு ஊசியைக்கூடப் பறிக்கக் கூடாது. பள்ளி வளாகம், சொந்த நிலம், கேட்டுப் பெற்ற தோட்டம் போதும். காட்டோர மரம்தான் வேண்டும் என்றால் வனத்துறையிடம் எழுதிக் கேளுங்கள். கீழே உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்க வேண்டாம். அதன் வயதும் தெரியாது, மண்ணும் ஒட்டியிருக்கும்.

ஓரிடத்துக்கு மூன்று மரங்கள். ஒவ்வொன்றிலும் தலை உயரத்தில், சாலையைப் பார்த்த பக்கத்தில், பத்துக் கொத்து. ஒரு கொத்தில் பெரும்பாலும் மூன்று ஊசிகள் இருக்கும், ஆக ஒரு மரத்துக்கு முப்பது ஊசிகள். கொத்தின் அடியில் உள்ள பழுப்பு உறையை மட்டும் இடுக்கியால் பிடித்துக் கத்தரியுங்கள். ஊசியை விரல் தொட்டால் பாதித் தூசி விரலோடு போய்விடும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். காகித உறைதான் சரி. உறையின் மேல் தேதி, இடம், மர எண், சாலையிலிருந்து எத்தனை தப்படி, எந்தத் திசை, கடைசி மழை எப்போது என்று பென்சிலால் எழுதுங்கள். மை மூடுபனியில் கரைந்துவிடும்.

பைன் காட்டு வாசலில் பஜ்ஜிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருமுறை கேட்டார்: "பச்சைப் பசேல் என்றுதானே இருக்கிறது டீச்சர், இதில் என்ன அழுக்கைத் தேடுகிறீர்கள்?" அவர் கடைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கிளையிலிருந்து ஓர் ஊசியை எடுத்து, ஈரமான வெள்ளைத் துணிக்குள் வைத்து ஒரே இழுப்பாக உருவினேன். துணியில் கரும்பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. ஓரம் பழுப்பு, நடுவில் கறுப்பு. பழுப்பைத் தண்ணீர் விட்டுத் தேய்த்ததும் கரைந்து போயிற்று, கறுப்பு மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு துணியிலேயே தங்கிவிட்டது. மண் தூசியையும் வாகனக் கரியையும் பிரித்தறிய இதைவிட எளிய சோதனை கிடையாது. மண் தண்ணீருக்குப் போகும், கரி சோப்புக்குத்தான் அசையும். அக்கா அந்தத் துணியை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, நின்றபடியே இன்ஜினை ஓடவிட்டிருந்த வேனின் ஓட்டுநரிடம் போய் அணைக்கச் சொன்னார்.

இனி கழுவும் சோதனை. மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் 100 மில்லி சுத்தத் தண்ணீர். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீர் போதும், குழாய்த் தண்ணீரின் உப்பு எடையைக் கெடுக்கும். பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு ஒரு துளி விட்டு, முப்பது ஊசிகளையும் போட்டு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். முன்பே எடை போட்டு வைத்த வடிதாளில் வடிகட்டி, சோப்பு போக இன்னும் கொஞ்சம் சுத்தத் தண்ணீரை ஊற்றி, தாளை உலர்த்தி மீண்டும் எடை போடுங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற மில்லிகிராம் காட்டும் சிறு தராசு வேண்டும்.

எங்கள் ஊர் ஈரத்தில் வெறும் தாளே எடை கூடிவிடும். அதனால் ஊசி போடாத தண்ணீரை, அதே சோப்பு அளவோடு, இன்னொரு தாளில் வடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் உலர்த்தி எடை போடுவோம். வெறும் தாள் எவ்வளவு கூடியதோ அதை மற்றதிலிருந்து கழித்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டு எடுத்த எடையை நான் குறிப்பேட்டில் ஏற்றவிடுவதில்லை. பிறகு ஊசிகளின் மொத்த நீளத்தை அளந்துகொள்ளுங்கள். முப்பது ஊசிகள், ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டர் என்றால் 6 மீட்டர். தூசியின் மில்லிகிராமை 6-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் ஊசிக்கு எவ்வளவு தூசி என்று வரும். நீண்ட ஊசி மரத்தையும் குட்டை ஊசி மரத்தையும் ஒப்பிட இந்த வகுத்தல் அவசியம்.

வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஆய்வகங்களில் வழக்கமாகக் கிடைக்கும் வாட்மேன் 1 வகைத் தாள் ஏறக்குறைய 11 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களையே பிடிக்கும். நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்துகள்களில் பெரும்பகுதி தாளைத் தாண்டித் தண்ணீரோடு போய்விடுகிறது. தாளில் நிற்பதைவிட அதுவே ஆபத்தானது. எனவே ஒவ்வோர் இடத்தின் வடிநீரையும் ஒரே அளவுள்ள கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி, பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, வெளுப்பிலிருந்து கறுப்பு வரை வரிசைப்படுத்துங்கள். எந்த டம்ளர் எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு மாணவரை வரிசைப்படுத்தச் சொல்வது என் வழக்கம். தெரிந்தவர் கண் தான் நினைத்ததையே பார்க்கும்.

தாளில் உலர்ந்த தூசியை வெள்ளை அட்டையில் தட்டி, அட்டைக்குக் கீழே ஒரு நியோடைமியம் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். சில துகள்கள் காந்தத்தின் பின்னாலேயே ஊர்ந்து வரும். இரும்பு கலந்த அந்தத் துகள்கள் பிரேக் தேய்மானத்திலிருந்தும் இன்ஜின் புகையிலிருந்தும் வருபவை. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் வளாகத்து மரங்களின் ஊசிகளையே காந்தமானியில் வைத்து அளந்து, குளிர்காலத்தில் மாசு பள்ளத்தாக்கில் தேங்கும்போது ஊசியின் காந்தத்தன்மை ஏறுவதை 2020-இல் வெளியிட்டார்கள். இதே வகை மேக்னடைட் (காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு) நுண்துகள்கள் மனித மூளைத் திசுவிலும் கிடைத்ததாக, மெக்சிகோ சிட்டியிலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்தவர்களிடம் செய்த ஆய்வு 2016-இல் சொன்னது. நம் அட்டைச் சோதனை அவ்வளவு நுட்பமானதல்ல. மண்ணிலும் காந்தத்தால் இழுபடும் கனிமம் கொஞ்சம் இருக்கும் என்பதால், இங்கும் ஒப்பீட்டு மரத்தின் தூசியை அருகில் வைத்தே பார்க்க வேண்டும். எங்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது ஒன்று: இறக்கத்தில் வரும் வளைவுகளை ஒட்டிய மரங்களில் காந்தத் துகள் நேர்ச்சாலை மரங்களைவிட அதிகம். வண்டிகள் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும் இடம் அது. மலைச்சாலைக்கு இது புகையளவுக்கே முக்கியமான மாசு. புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

மூன்றாவது சோதனை இலைத்துளை. கழுவாத ஊசி வேண்டும். கைபேசியில் மாட்டும் லென்ஸோ சிறிய நுண்ணோக்கியோ இருந்தால், வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழச் செய்யுங்கள். ஊசியின் நீளவாக்கில் வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாக ஓடுவது தெரியும். பைன் தன் இலைத்துளைகளைக் குழிக்குள் வைத்து, வாயில் மெழுகு நிரப்பியிருக்கிறது. அந்த மெழுகுதான் வெள்ளைப் புள்ளி. அழுக்கேறிய இடத்தில் புள்ளி சாம்பல் நிறமாகும், பிறகு கறுப்பாகும். ஓர் ஊசியின் நடுப்பகுதியில் நூறு புள்ளிகளை எண்ணி, வெள்ளை, பாதி மூடியது, முழுதும் மூடியது என மூன்றாகப் பிரியுங்கள். பத்து ஊசிகளுக்குச் செய்தால் நம்பும்படியான சதவீதம் கிடைக்கும். இந்தப் புள்ளி வழியாகத்தான் அந்த மரம் கரியமில வாயுவை எடுக்கிறது. கறுத்துப்போன ஒரு வரிசையை முதன்முதலில் பார்க்கும் பிள்ளைகளின் முகம் மாறுவதை நான் கவனித்திருக்கிறேன். அதற்குப் பிறகு எண்ணுங்கள் என்று நான் சொல்லத் தேவையிருப்பதில்லை.

கறுப்பாக இருப்பதெல்லாம் கரி அல்ல. அசுவினிப்பூச்சி சுரக்கும் தேன் மேல் வளரும் கரும்பூஞ்சணம் அச்சு அசலாகப் புகைக்கரி போலவே இருக்கும். லென்ஸில் பார்த்தால் நூல் நூலாகத் தெரியும், நகத்தால் சுரண்டினால் செதிலாக உரியும். அப்படிப்பட்ட கிளையை ஒதுக்கிவிடுங்கள்.

ஊசியின் நிறமாற்றமும் பேசும், ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. நுனி செம்பழுப்பாகக் கருகியிருந்தால் கந்தக டை ஆக்சைடோ ஃபுளோரைடோ காரணமாக இருக்கலாம். டிசம்பர், ஜனவரி உறைபனியும் நுனியைக் கருக்கும். பழைய ஊசிகளில் ஓரம் தெளிவில்லாத மஞ்சள் திட்டுகள் ஓசோன் பாதிப்பின் அடையாளம். லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே சான் பெர்னார்டினோ மலையில் 1950-களில் பைன்கள் காரணம் புரியாமல் மஞ்சளாகி ஊசி உதிர்த்தன. நகரத்து வாகனப் புகை வெயிலில் ஓசோனாக மாறி மலையேறி வந்ததே காரணம் என்று 1960-களின் தொடக்கத்தில், ஊசிகள் மீது ஓசோனைச் செலுத்தியே நிரூபித்தார்கள். ஆனால் செந்நிறப் பட்டையும் அதன்மேல் கரும்புள்ளிகளும் தெரிந்தால் அது பூஞ்சை நோய், காற்றின் மேல் பழி போடக் கூடாது. நிறத்தை மட்டும் வைத்து நான் எந்த இடத்தையும் மாசுபட்டது என்று குறிப்பதில்லை. தூசியும் இலைத்துளையும் ஒத்துப்போனால் மட்டுமே நிறத்தைச் சேர்த்துக்கொள்வேன்.

முடிவுகளை ஊர் வரைபடத்தில் வண்ணப் புள்ளிகளாக வைத்தால், காற்று மாசை அளக்கும் கருவியை எங்கே பொருத்த வேண்டும் என்று நகராட்சியிடம் கேட்க ஓர் ஆதாரம் கையில் இருக்கும். ஊசியை மட்டும் காட்டி வழக்காட முடியாது. கருவி வைக்க வேண்டிய மூலை எது என்று சுட்டிக்காட்ட முடியும். பள்ளி வாசல், மருத்துவமனை வாசல், வாகனங்கள் வரிசையில் நிற்கும் இடம் ஆகியவற்றை அந்த வரைபடத்தில் விட்டுவிடாதீர்கள். குழந்தைகளும் நோயாளிகளும் நிற்கும் இடங்கள் அவை.

சமவெளி வாசகர்களுக்குச் சவுக்கு. ஊசி போலத் தெரிவது அதன் இலையல்ல, கணுக்கணுவாக இருக்கும் மெல்லிய பச்சைத் தண்டு. கணுவில் சிறு பற்களாக ஒட்டியிருப்பவையே இலைகள். இலைத்துளைகள் தண்டின் பள்ளங்களுக்குள் மறைந்திருப்பதால் எண்ணும் சோதனை இதற்கு ஒத்துவராது. கழுவும் சோதனையும் காந்தச் சோதனையும் நன்றாக ஒத்துவரும். நீளத்துக்குப் பதில், கழுவிய தண்டுகளை உலர்த்தி எடை போட்டு, ஒரு கிராம் தண்டுக்கு எவ்வளவு தூசி என்று கணக்கிடுங்கள். கடற்கரைச் சவுக்கில் உப்பு படிந்திருக்கும். அது கரைந்து வடிநீரோடு போய்விடும் என்பதால், சுத்தத் தண்ணீரால் இரண்டாம் முறையும் தாளை நன்றாக அலசிவிட்டால் எடையில் சேராது. அனல்மின் நிலையம் பக்கத்தில் இருந்தால் காந்தத் துகள் அதிகமாகவே வரும். நிலக்கரிச் சாம்பலில் இரும்பு கலந்த உருண்டைத் துகள்கள் உண்டு. அதை வாகன மாசு என்று எழுதிவிடாதீர்கள், நுண்ணோக்கியில் உருண்டையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மெழுகில் சேர்ந்த வேதிப்பொருள்களை நம்மால் அளக்க முடியாது, அதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டும். ஆனாலும் ஒவ்வோர் இடத்திலும் கூடுதலாக ஒரு பிடி ஊசியைக் கழுவாமல் அலுமினியத் தாளில் சுற்றி, பெயரெழுதி, பள்ளிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடுங்கள். ஏதாவது கல்லூரி ஒருநாள் கேட்டால் கொடுக்கலாம். காகித உறைகள் இருக்கும் அலமாரியில் பாச்சை உருண்டை மட்டும் போடவே கூடாது. அதில் உள்ள நாஃப்தலின், புகையில் நாம் தேடும் அதே வகைச் சேர்மம். ஊசியின் மெழுகு அதையும் உறிஞ்சிக்கொண்டுவிடும்.